இனகாக்கி சானின் விரல்

ஏப்ரல் 11

இன்று ஒரு வார்த்தை என் காதில் விழுந்தது. விழுந்தது என்றால் சும்மா இல்லை, திக்கென்று விழுந்தது.

மகள் வேனிலை இந்த வாரம்தான் இங்கே ஒன்றாம் வகுப்பில் சேர்த்திருக்கிறோம். மதியம் அவளைக் கூட்டி வரத் தெருமுனையில் நிற்பேன். மஞ்சள் கொடி பிடித்த பெரியவர் ஒருவர் கார்களை நிறுத்திப் பிள்ளைகளைக் கடக்க விடுகிறார். கடக்கும் ஒவ்வொரு பிள்ளையிடமும் ஏதோ சொல்கிறார். இன்று அது என்னவென்று கேட்டுவிட்டது. "ஒக்காயேரி."

வெளியே போனவர் வீடு திரும்பினால் வீட்டில் இருப்பவர் சொல்வது. நம் ஊரில் "வந்துட்டியா" என்போமே, அது. வந்தவர் "ததைமா" என்று பதில் சொல்ல வேண்டும்; வந்துட்டேன் என்று அர்த்தம். இந்த இரண்டும் பாளையங்கோட்டையில் இருந்தபோதே புத்தகத்தில் படித்து, எழுதி எழுதிப் பார்த்தவை. ஜப்பானில் இந்த ஹமாமத்ஸுவுக்கு வந்த நாளிலிருந்து பக்கத்து வீடுகளில் தினமும் சொல்லியிருப்பார்கள். என் காதுக்கு அதெல்லாம் வெறும் சத்தம். இன்று அந்தப் பெரியவர் வாயிலிருந்து வந்தபோதுதான், அட, இதுவா அது என்று உறைத்தது. அப்படியே நின்றுவிட்டேன். அவர் கொடியை ஆட்டி என்னையும் கடக்கச் சொன்னார்.

ஏப்ரல் 18

கொடிப் பெரியவரின் பெயர் இனகாக்கி. வேனில் அவரைக் காக்கித் தாத்தா என்கிறாள். நான் இனகாக்கி சான் என்கிறேன். சான் போடாவிட்டால் இங்கே மரியாதை இல்லை.

நான் ஊரில் இங்கிலீஷ் டீச்சர் என்று வேனில் ஊதிவிட்டிருக்கிறாள். அவர் இன்று என்னை நிறுத்தி, ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கி எடுத்து இங்கிலீஷில் பேசினார். மனைவி இல்லை. ஒரே மகன் நவோயா, ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்தில் இருக்கிறான். மருமகள் ஹேலி அந்த ஊர்க்காரி. இவருக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் டயாலிசிஸ், அதனால் ஊர் விட்டு ஊர் போவது நடக்காத காரியம். எல்லாமே போனில்தான்.

"என் மருமகள் பேசுகிறாள். நான் கேட்கிறேன். ஒன்றும் கேட்கவில்லை" என்றார். காதில் கோளாறோ என்று நினைத்துவிட்டேன். இல்லை, காது நன்றாகவே கேட்கிறது. இங்கிலீஷ்தான் கேட்கவில்லை.

ஏப்ரல் 24

இனகாக்கி சானுக்கு முதல் இங்கிலீஷ் வகுப்பு. எங்கள் சாப்பாட்டு மேஜையில். சம்பளமாக ஒரு பை வெங்காயம் கொண்டுவந்தார். ஒவ்வொன்றும் தேங்காய் அளவு.

ஆஸ்திரேலியப் பத்திரிகை ஒன்றைக் கொடுத்தேன். கடகடவென்று படித்து அர்த்தம் சொல்கிறார்! எனக்கே அகராதி தேவைப்படும் வார்த்தையெல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. பிறகு நான் பேசினேன். நான் மூச்சு விடும் இடத்திலெல்லாம் "ஹை, ஹை" என்று தலையாட்டினார். ஹை என்றால் ஆமாம். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இவ்வளவு புரிகிற மனிதருக்கு வகுப்பே எதற்கு என்று நினைத்தேன்.

கடைசியில், நான் எந்த ஊரைப் பற்றிச் சொன்னேன் என்று கேட்டேன். "ஹை" என்றார். ஊர் பெயர் என்ன என்றேன். "ஹை." தலையாட்டல்.

தூக்கிவாரிப் போட்டது. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தைகூட உள்ளே போகவில்லை.

சாயங்காலம் என் வீட்டுக்காரரிடம் சொல்லிப் புலம்பினேன். அவர் இங்கே கம்பெனியில் இரண்டு வருடமாகக் குப்பை கொட்டுகிறவர். சிரித்தார். "இங்க ஹைன்னா புரிஞ்சுதுன்னு அர்த்தமில்ல கோமு. நீ பேசு, நான் இங்கதான் இருக்கேன்னு அர்த்தம். மொத வருசம் நானும் இப்படித்தான் ஏமாந்தேன்." இதை வகுப்புக்கு முன்னால் சொல்லியிருக்கலாம்.

மே 2

புது விதி போட்டிருக்கிறேன். ஹை கூடாது. வலது கை ஆள்காட்டி விரலை மேஜைமேல் வைத்திருக்க வேண்டும். நான் சொல்லும் வார்த்தை பிடிபட்டதும் விரலைத் தூக்க வேண்டும். பிடிபடாவிட்டால் விரல் மேஜையிலேயே இருக்கட்டும்.

ஒரு ஜப்பானியரை ஹை சொல்லாமல் உட்கார வைப்பது எவ்வளவு பெரிய பாவம் என்று இன்றுதான் தெரிந்தது. மனிதர் வியர்த்துப்போனார். வாயை மூடிக்கொண்டார், தலை மட்டும் தானாக ஆடிற்று.

மே 16

அவருடைய சிக்கல் எங்கே என்று பிடித்துவிட்டேன்.

நான் "தண்..." என்று ஆரம்பித்ததுமே என் அம்மா செம்பை எடுத்துக்கொண்டு வந்துவிடுவாள். வார்த்தை முழுசாக வந்து சேரும்வரை யார் காத்திருக்கிறார்கள்? பாதி வந்ததுமே காது மீதியைப் போட்டுக்கொள்கிறது. இனகாக்கி சான் காத்திருக்கிறார். கடைசிச் சத்தம் வந்த பிறகு, அதை மனசுக்குள் எழுத்தாக எழுதி, எழுதியதைப் படித்து, அதற்கப்புறம்தான் விரலைத் தூக்குகிறார். அதற்குள் நான் மூன்று வாக்கியம் தள்ளிப் போயிருப்பேன். அவருக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் கண்ணில் இருக்கிறது. காதுக்கு யாரும் சொல்லித்தரவே இல்லை.

ஆகவே இன்றிலிருந்து வார்த்தையைப் பாதியில் நிறுத்துகிறேன். முழுசாகச் சொல்வதில்லை. அவர் மீதியைச் சொல்ல வேண்டும்.

மே 17

இன்று வேனில் தானாக "ததைமா" என்று கத்திக்கொண்டு வீட்டுக்குள் வந்தாள். நான் "ஒக்காயேரி" என்றேன். உனக்கு ஏம்மா காக்கித் தாத்தா மாதிரியே வருது என்று கேட்டாள். எனக்கு வேறு யார் சொல்லித் தந்தார்கள்?

ஜூன் 5

அடேயப்பா! இன்று வார்த்தையின் நடுவிலேயே விரல் எழுந்துவிட்டது. நான் வாயை மூடவில்லை, விரல் மேலே. அதுவும் தனி வார்த்தையில் இல்லை, ஓடும் பேச்சில். நான் வேண்டுமென்றே வேகமாக, பள்ளியில் ஆறாம் வகுப்பைத் திட்டுகிற வேகத்தில் பேசினேன். விரல் எழுகிறது, இறங்குகிறது, எழுகிறது. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அவருக்கும்தான், ஆனால் அவர் மூக்கைத் துடைப்பதுபோலத் துடைத்துக்கொண்டார்.

போகும்போது, நூலகத்தில் பல நாட்டுக்காரர்கள் பேசுகிற சீடி இருக்கிறது, எடுக்கலாமா என்று கேட்டார். இப்போதுதான் வழிக்கு வருகிறது, எதற்குப் பத்துப் பேர் குரலைக் கேட்டுக் குழம்ப வேண்டும்? வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "ஹை" என்றார்.

ஜூன் 13

மழை. துணி காயவில்லை. வீட்டில் கேட்டுப் பழக, இனகாக்கி சானுக்கு என் குரலில் கொஞ்சம் இங்கிலீஷ் பேசிப் பதிவு செய்து போனில் அனுப்பினேன். அவர் கேட்கவில்லை, நானாகத்தான்.

ஜூன் 27

இன்று நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

பகல் பத்து மணிவாக்கில் கதவைத் தட்டினார் இனகாக்கி சான். இங்கே யாரும் சொல்லாமல் வர மாட்டார்கள். கையில் அவருடைய டேப்லட். "நவோயா" என்றார். அதை என் பக்கம் திருப்பினார். திரையில் ஹேலி. முகமெல்லாம் வீங்கி, தலை கலைந்து, ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்கிறாள்.

மேஜைமேல் டேப்லட்டை வைத்தோம். அவள் அழுதுகொண்டே பேசினாள். அவர் விரலை மேஜைமேல் வைத்துக்கொண்டு கேட்டார். விரல் எழவில்லை. நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், எழவே இல்லை. கொஞ்ச நேரத்தில் "ஹை" ஆரம்பித்துவிட்டது. ஹை, ஹை, ஹை. மகன் சைக்கிளில் போனபோது லாரி மோதிவிட்டது என்று அவள் சொல்கிறாள், இவர் ஹை என்கிறார். தலையில் அடி என்கிறாள், ஹை. அந்தப் பெண் திகைத்துப்போய்த் திரையிலிருந்து என்னைப் பார்த்தாள்.

இத்தனை நாள் படித்தது எங்கே போயிற்று? அவள் பேசியதில் கடினமான வார்த்தை ஒன்றுகூட இல்லை. லாரி, தலை, ரத்தம், ஆபரேஷன். போன மாதமே விரலைத் தூக்கியவைதாம்.

என்ன செய்வது என்று தெரியாமல், அவள் சொன்னதை நான் திருப்பிச் சொன்னேன். ஜப்பானிய மொழியில் இல்லை, அவ்வளவு எனக்கு எங்கே வரும்? அதே இங்கிலீஷ். அதே வார்த்தைகள், அதே வரிசை.

விரல் எழுந்தது.

உடனே எழுந்தது! நான் "லா" என்றதும் எழுந்தது. அவர் முகம் வெளுத்துப்போனது. அதன் பிறகு ஒரு வாக்கியம் அவள், அதே வாக்கியம் நான். இங்கிலீஷிலிருந்து இங்கிலீஷுக்கு மொழிபெயர்ப்பு. இப்படி ஒரு கூத்து உலகத்தில் எங்கேயாவது நடந்திருக்குமா? நவோயாவுக்கு ஆபரேஷன் முடிந்துவிட்டது. நினைவு திரும்பவில்லை. மூச்சு மெஷினில் ஓடுகிறது.

அவர் போன பிறகு என் வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார்: "அவருக்கு இங்கிலீஷு எங்க வந்திருக்கு கோமு? அவருக்கு உன்னயத்தான் தெரிஞ்சிருக்கு. நாம பஸ்ஸு, லைட்டுன்னு இழுக்கோம். இந்த ஊர்க்காரவுகளும் அப்படித்தான் இழுக்காக. உன் பேச்சு அவருக்குப் பக்கத்து வீடு மாதிரி."

போனை வைத்துவிட்டேன். கோபம் வந்தது. எதற்கென்று தெரியவில்லை.

ஜூன் 30

ஜப்பானிய மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்து தருவதாக அந்த ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். போனிலேயே மொழிபெயர்க்கும் வசதியும் இருக்கிறது. இரண்டும் வேண்டாம் என்றுவிட்டார் இனகாக்கி சான். "என் மகனைப் பற்றி மெஷின் சொல்லிக் கேட்க மாட்டேன். அந்நியர் சொல்லியும் கேட்க மாட்டேன். சென்செய் போதும்."

சென்செய் என்றால் டீச்சர். இவ்வளவு பொறுப்பா என்று பயமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. அதை இங்கே எழுதுவதில் தப்பில்லை என்று நினைக்கிறேன்.

ஜூலை 3

இன்றும் ஹேலி பேசினாள். மாற்றமில்லை. நர்ஸ் நவோயாவின் தலையைக் கழுவிவிட்டாளாம். நான் திருப்பிச் சொன்னதும் இனகாக்கி சான் லேசாகச் சிரித்தார். சின்ன வயதில் தலைக்குத் தண்ணீர் ஊற்றினால் ஊரைக் கூட்டுவானாம்.

சாம்பார் அடிபிடித்துவிட்டது. இன்று ஓட்டல் சாப்பாடு.

ஜூலை 9

வெயில் கொளுத்துகிறது. மகன் இப்படிக் கிடக்கும்போதும் கொடிபிடிக்க வருகிறாரே என்று எனக்கு ஆற்றாமை. யாருக்காவது மாற்றிவிடுங்கள் என்றேன். பிள்ளைகள் வருவார்களே, ஒக்காயேரி சொல்ல ஆள் வேண்டாமா என்கிறார்.

நான் கொஞ்சம் முன்னதாகப் போய்விட்டேன் இன்று. பிள்ளைகள் இன்னும் வரவில்லை. அவர் மரநிழலில் நிற்கிறார், இடது கையில் கொடி, காதில் இயர்போன். வலது கை விரல் எழுகிறது, இறங்குகிறது, எழுகிறது. எதிரே ஒருவரும் இல்லை. கொஞ்ச நேரம் எழாமல் நிற்கும், உடனே போனை அழுத்தித் திரும்பக் கேட்கிறார்.

பாவம், என் பதிவுகளைக் கேட்டுப் பயிற்சி எடுத்துக்கொண்டிருக்கிறார். நெஞ்சு நிறைந்துவிட்டது. ஆனால் ஒன்று இடித்தது. என் குரலுக்கு அவர் விரல் இவ்வளவு திணறி ரொம்ப நாளாயிற்று. கவலையில் காது மந்தமாகிவிட்டதோ என்னவோ. வீட்டுக்கு வந்ததும் இன்னும் மெதுவாகப் பேசிப் புதிதாகப் பதிவு செய்து அனுப்பினேன்.

ஜூலை 12

அனுப்பிய பதிவை அவர் இன்னும் திறக்கவில்லை. டயாலிசிஸ் அலுப்பாக இருக்கும்.

ஜூலை 14, சனி

இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. எழுதவும் முடியவில்லை.

காலையில் ஹேலி எனக்குத் தனியாகச் செய்தி அனுப்பியிருந்தாள். பதினோரு மணிக்குப் பேச வேண்டும், முக்கியம், நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும். என் வீட்டுக்காரர் வேனிலைக் கூட்டிக்கொண்டு பூங்காவுக்குப் போய்விட்டார்.

இனகாக்கி சான் வந்தார். வெள்ளைச் சட்டை, இஸ்திரி போட்டது. உட்கார்ந்தார். விரலை மேஜைமேல் வைத்தார்.

ஹேலி அழவில்லை. அதைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. எழுதி வைத்ததைப் படிக்கிற மாதிரி நிதானமாகச் சொன்னாள். "அப்பா, டாக்டர்கள் எல்லாரும் பார்த்துட்டாங்க. நவோயா இனிமே..."

அந்த இடத்தில் அவர் விரல் எழுந்தது.

நான் திடுக்கிட்டேன். நான் இன்னும் வாயே திறக்கவில்லை. பழக்கத்தில் தூக்கிவிட்டார் என்று நினைத்தேன். அவள் சொல்லி முடித்தாள். நவோயா இனிமேல் எழுந்திருக்க மாட்டார். நாளைக் காலையில் மெஷினை நிறுத்தப் போகிறார்கள். அதற்கு முன் அப்பா அவரிடம் பேச வேண்டும், போனை அவர் காதோரம் வைக்கிறேன் என்றாள்.

இப்போது என் முறை. இந்த வாக்கியம் என் வாயால்தான் வர வேண்டும். உலகத்தில் அவருக்குக் கேட்கும் ஒரே இங்கிலீஷ் குரல் என்னுடையது. எத்தனையோ வகுப்பில் எத்தனையோ வாக்கியம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். "உங்கள் மகன் நாளைக்கு" என்று ஆரம்பிக்கும் வாக்கியத்தை எந்தத் தாய் வயிற்றுப் பிள்ளையால் சொல்ல முடியும்?

நான் சொன்னது இது: "நாளைக்குச் சிகிச்சையை மாற்றப் போகிறார்கள். இப்போது நீங்கள் அவரிடம் கொஞ்சம் பேசினால் நல்லது."

ஹேலிக்கு நான் சொன்னது கேட்டது. திரையில் அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஹை வரவில்லை. தலை அசையவில்லை. அந்த மனிதர் இவ்வளவு அசையாமல் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. எழுந்த விரலை மெதுவாக மேஜைக்குக் கொண்டுவந்தார்.

"சென்செய்" என்றார். "நான் கேட்டேன்."

"என்ன கேட்டீர்கள்?"

"ஹேலி சொன்னதை. ஹேலியின் குரலில்." பிறகு தலைகுனிந்து, "மன்னிக்க வேண்டும். உங்களிடம் சொல்லவில்லை. தினமும் ஹேலியைப் பேசி அனுப்பச் சொன்னேன். நவோயா பக்கத்தில் உட்கார்ந்து, ஜன்னலில் என்ன தெரிகிறது, இன்று யார் வந்தார்கள், அதைப் பேசி அனுப்பினாள். நிறையத் தடவை கேட்டேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு கொஞ்சம். இன்று..."

மரநிழலில் அந்த விரல். கொடி. இயர்போன். அது என் குரலே இல்லை. அப்போது எனக்கு வந்த அதிர்ச்சியில் ஒரு பாதி எதற்கு என்று இந்த நோட்டில் எழுத மாட்டேன்.

நான் செய்ததை நினைத்து முகத்தைப் பார்க்கக் கூசினேன். அவரோ என் பொய்க்குத் தலை வணங்கினார். நன்றாக, முதுகு வளைய. பிறகு திரையைப் பார்த்து அவரே இங்கிலீஷில் கேட்டார்.

"ஹேலி. நாளைக்கு, எத்தனை மணிக்கு?"

"ஒன்பது மணிக்கு, அப்பா." அவள் உடைந்துபோனாள். "அப்பா, உங்களுக்கு... நான் பேசினது கேட்டுதா?"

"கேட்டது. நீ நன்றாகப் பேசுகிறாய். நீ சாப்பிட வேண்டும்."

இந்த இரண்டு பேருக்கும் நடுவில் நான் தேவைப்படவில்லை. எழுந்து சமையலறைக்குப் போகப் பார்த்தேன். அவர் உட்காரும்படி கை காட்டினார்.

ஹேலி போனை எடுத்துக்கொண்டு நடந்தாள். திரையில் கூரை ஆடிற்று, விளக்கு ஆடிற்று, பிறகு ஒரு தலையணை ஓரமும் ஒரு காதும் தெரிந்தன. மெஷின் சத்தம் மட்டும் ஒரே சீராக வந்தது.

இனகாக்கி சான் டேப்லட்டை இரண்டு கையாலும் பிடித்து முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனார். ஜப்பானிய மொழியில் பேச ஆரம்பித்தார். உரக்க இல்லை. வீட்டில் மகனிடம் பேசுகிற மாதிரி, வேகமாக, இழுத்து, நடுவில் ஒருமுறை சிரித்துக்கொண்டு. எனக்கு இரண்டே வார்த்தைகள்தாம் பிடிபட்டன. அம்மா என்று ஒரு தடவை. தண்ணீர் என்று ஒரு தடவை. மற்றதெல்லாம் வந்த புதிதில் எனக்குக் கேட்ட அதே வெறும் சத்தம். அவர் ஒரு மனிதனின் முழு வாழ்க்கையைச் சொல்லிக்கொண்டிருந்தார், நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வரி தெரியாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தேன். நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். அவர் மூச்சு விடும் இடத்திலெல்லாம் மெல்ல "ஹை" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் அவர் நிறுத்தினார். டேப்லட்டை மேஜைமேல் வைத்தார். சட்டையை இழுத்துச் சரிசெய்தார். தெருமுனையில் தினமும் நிற்பதுபோல நிமிர்ந்து உட்கார்ந்து ஒரு வார்த்தை சொன்னார். இது எனக்குப் பாதியிலேயே கேட்டுவிட்டது. இந்த வார்த்தையை எனக்குத் தந்த குரல் அது.

"ஒக்காயேரி."

அதற்குப் பதில் சொல்லாமல் இந்த ஊரில் யாரும் வீட்டுக்குள் வருவதில்லை. ஊரார் பிள்ளைகள் அத்தனை பேரும் இவருக்கு அந்தப் பதிலைச் சொல்லியிருக்கிறார்கள், என் மகள் உட்பட.

அவர் வலது கை விரலை மேஜைமேல் வைத்துக்கொண்டு காத்திருந்தார். மெஷின் சத்தம் வந்துகொண்டே இருந்தது. விரல் மேஜையிலேயே இருந்தது.